கல்லை மரமாக்க வந்த தம்பிக்கு

வா தம்பி, உக்காரு. திண்ணையில அந்த ஓரம் கட்டெறும்பு ஊருது, இப்படி வா. சுண்ணாம்புக்கல் குவாரி மேட்டுக்குப் போயிட்டு வர்றேன்னு நீ சொல்லவே வேணாம், சட்டையில இருக்கிற வெள்ளைப் புழுதியே சொல்லுது. மூணாவது தடவை நட்டதும் போச்சா? போனாப் போகுது விடு. செத்துப்போன கன்னுக்கு யாரும் போஸ்ட்மார்ட்டம் கேக்கப் போறதில்ல.

கையில என்ன, ஒன்னைப் பிடுங்கிட்டே வந்துட்டியா? கொண்டா பார்ப்போம். புங்கன். ஆடி வரைக்கும் புங்கன், இப்ப பல்லு குத்துற குச்சி. கீழே பாரு. தெரியுதா? கருப்பு பாலிதீன் கவரு. கவரோடயே குழிக்குள்ள இறக்கியிருக்கான் உன் ஆளு. பிரி, மெதுவா பிரி. வேரைப் பாரு, பம்பரத்துல சாட்டையைச் சுத்துன மாதிரி உள்ளுக்குள்ளயே நாலு சுத்து சுத்தி நிக்குது. வெளியே போக வழி தேடித் தேடியே உசிரை விட்டிருக்கு. நீதான் என்ன பண்ணுவ? கன்னு ஒன்னுக்கு இவ்வளவுன்னு கூலி பேசின. கவரு கிழிக்கிற கூலியைப் பேசலையே. அவனும் நியாயஸ்தன், பேசாத வேலையைச் செய்யல.

நான் மூணாங்கிளாஸோட மாட்டுக்குப் பின்னால போனவன். நீ பட்டம் வாங்கி, பைக் வாங்கி, தோள்ல பை மாட்டிக்கிட்டு வந்தவன். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு ஏது புத்தி? ஏதோ வாயைத் திறந்து கேட்டுட்ட. வெத்தலை போடுற நேரம் வரைக்கும் சொல்றேன், கேட்டுட்டு மறந்துடு. உனக்கு முந்தி வந்த ரெண்டு பேரும் அப்படித்தான் மறந்தாங்க. ரெண்டு பேருக்குமே இப்ப புரமோஷன்.

முதல்ல இது எந்த ஊருன்னு தெரிஞ்சுக்க. இது அரியலூர்ச் சீமை. ஒரு காலத்துல இங்க கடல் அலையடிச்சிருக்கு. குவாரியில வெடி வச்சா இன்னைக்கும் கல்லுக்குள்ளேருந்து சங்கும் சிப்பியும் வருது. அதை அடுக்கி வச்சு வாரணவாசியில அருங்காட்சியகமே நடத்துறாங்க. அதை விடு. பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூர் இருக்கே, போயிருக்கியா? அங்க ஒரு மரம் படுத்துக் கிடக்கு. 18 மீட்டர் நீளம், அடியிலேருந்து நுனி வரைக்கும் கல்லு. 12 கோடி வருஷத்துக்கு முந்தின மரமாம். 1940-ல எம்.எஸ். கிருஷ்ணன்னு ஒரு புவியியல்காரரு பார்த்து ஊருக்குச் சொன்னாரு. ஆக, மரத்தைக் கல்லாக்கின சீமை இது. அதுக்கே அத்தனை கோடி வருஷம் பிடிச்சிருக்கு. நீ கல்லை மரமாக்க வந்திருக்க, அதுவும் மார்ச் 31-க்குள்ள. உன் தைரியத்தை மெச்சுறேன்.

சரி, எப்ப நட்ட? ஜூன் 5. அதானே பார்த்தேன். உலகச் சுற்றுச்சூழல் நாள். உலகத்துக்கு அது நல்ல நாளா இருக்கலாம், நமக்கு அது வைகாசி இருபத்திரண்டு. கத்திரி முடிஞ்ச சூடு மண்ணுல அப்படியே இருக்கும். அடுத்து ஆடிக் காத்து. அம்மியே பறக்கிற காத்துல உன் ஒரு முழக் கன்னு என்ன, பரதநாட்டியமா ஆடும்? நமக்கு மழை ஐப்பசி கார்த்திகையில. இது எங்க ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். ஆனா ஐப்பசியில நட்டா மேடையில பந்தல் நனையும், சட்டை நனையும், போட்டோ சரியா வராது. வெயில்ல நட்டா முகமெல்லாம் பளிச்சுன்னு இருக்கும். அன்னைக்கு எடுத்த போட்டோவுல மாலையெல்லாம் எவ்வளவு பசுமையா இருந்துச்சு!

நீங்க அன்னைக்கு வச்ச போர்டு மட்டும் நல்லா நிக்குது. அஞ்சு வருஷம் ஆனாலும் அது வாடாது. நான் போன வாரம் ஆட்டை ஓட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போனப்ப, உசிரோட இருக்கிறதை எண்ணிப் பார்த்தேன். பதினொன்னு. அதுல ஏழு சீமைக்கருவேலம், நீ நட்டதே இல்ல. அதையும் கணக்குல சேர்த்துக்க, பரவாயில்ல. பச்சைக்குப் பச்சைதானே.

விளையாட்டுக்குச் சொன்னேன், மூஞ்சியைத் தொங்கப் போடாத. இந்தா, மோர் குடி.

விஷயம் என்னன்னா, நீ கன்னு செத்துச்சுன்னு அழுவுற. கன்னு கடைசியாச் செத்தது தம்பி. அதுக்கு முந்தி மண்ணு செத்துச்சு. அந்தச் சாவுக்கு யாரும் வரல.

எனக்கு அந்தக் குவாரி இருக்கிற இடத்துல ரெண்டு ஏக்கர் கொல்லை இருந்துச்சு. கரிசல். எங்க தாத்தா ஏரி வண்டலை மாட்டு வண்டியில அடிச்சு அடிச்சுச் சேர்த்த மண்ணு. மழை பேஞ்ச மறுநாள் கால் வச்சா செருப்பை உருவிக்கும், அப்படி ஒரு பாசம். பருத்தி, கம்பு, அந்த ஓரமா துவரைன்னு வெள்ளாமை. குவாரிக்குக் கொடுத்துட்டேன். ரேட்டு பேசுறப்ப அடியில இருக்கிற கல்லுக்குத்தான் பேசினாங்க, மேல இருந்த மண்ணுக்கு யாரும் வாயே திறக்கல. நானும் மடையன், கேக்கல. ஒருநாள் போய்ப் பார்க்கிறேன், டோசர் வச்சு என் மண்ணை வழிச்சுத் தள்ளிட்டு, அதுக்கு மேலயே அடியில தோண்டின கழிவுக் கல்லையும் மக்கையும் கொட்டிக்கிட்டு இருக்கான். நெனைச்சுப் பாரு. மேல இருந்தது அடியில போச்சு, ஆழத்துல இருந்தது தலைக்கு மேல வந்துச்சு. அந்தத் தலைகீழ் மேட்டு உச்சியிலதான் நீ குழி தோண்டிப் புங்கன் நட்டிருக்க. என் கொல்லை உன் காலுக்குக் கீழ அம்பதடியில கிடக்கு. ஒருதரம் கூப்பிட்டுப் பாரு, குரல் குடுக்குதான்னு.

மேல்மண்ணைத் தனியா எடுத்து, தனியா வச்சு, தோண்டி முடிச்ச இடத்துல திரும்பப் போடணும்னு 1988-லயே கனிமப் பாதுகாப்பு விதியில எழுதி வச்சிருக்காங்களாம். என் பேத்தி சொன்னா, அது காலேஜ்ல தாவரவியல் படிக்குது. நல்ல விதி. யாரு எழுதினானோ, அவன் நிச்சயம் வெள்ளாமைக்காரன் வயித்துலதான் பொறந்திருக்கணும். இப்பப் புதுசாத் தோண்டுற பக்கம் எடுத்து வச்சுத்தான் இருக்காங்க, நான் இல்லேங்கல. எப்படி வச்சிருக்காங்கன்னு போய்ப் பாரு. மலை மாதிரி குவிச்சு, மேல வண்டி ஏத்தி அமுக்கி, நாலு வருஷமா வச்சிருக்கான். மண்ணு என்ன ஊறுகாயா, வருஷக்கணக்கா ஜாடியில இருக்க? அதுக்கு உசிரு இருக்கு. புழு இருக்கு, பூஞ்சை இருக்கு, கண்ணுக்குத் தெரியாத ஜீவன் கோடி இருக்கு, போன வருஷம் உதிர்ந்த புல்லு விதை தூங்கிக்கிட்டு இருக்கு. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடக்கொறைய, பரப்பினாப்பல வச்சா மூச்சு விடும். மேல ரெண்டு கைப்பிடி சணப்பையை வீசினா வேர் பிடிச்சு உள்ள இருக்கிறதைக் காப்பாத்தும். இருபதடி குவிச்சா நடுவுல இருக்கிறது மூச்சு முட்டிச் செத்துப் போகும். அப்புறம் அது மண்ணில்ல, மண்ணு கலர்ல ஒரு பொருள். எடுத்த வேகத்துல இந்தப் பக்கம் தோண்டி அந்தப் பக்கம் பரப்பிக்கிட்டே போனா இன்னும் உத்தமம். ஆனா அதுக்குத் தோண்டுறவனும் நடுறவனும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கணும். உங்க ஆபீஸ்ல அது நடக்குமா? அடுத்தடுத்த ரூம்னு கேள்வி.

அப்புறம் அந்த இலை. நீ போட்டோ பிடிச்சு மேலதிகாரிக்கு அனுப்பினியே, இலை மஞ்சளாப் போச்சுன்னு. அவரும் அங்கேருந்தே நாடி பார்த்து யூரியா போடச் சொன்னாரே. அந்த இலையை நானும் பார்த்தேன். நரம்பு மட்டும் பச்சை, நடுவுல எல்லாம் மஞ்சள், பச்சை மையில கோடு போட்ட மஞ்சக் காகிதம் மாதிரி. அது சோத்துக்கு இல்லாத மஞ்சள் இல்ல, இரும்புக்கு இல்லாத மஞ்சள். இரும்பு மண்ணுல இருக்கும், ஆனா சுண்ணாம்பு அதைக் கட்டிப் போட்டுடும், வேரால எடுக்க முடியாது. கொலு பொம்மைக்கு முன்னால படைச்ச சுண்டல் கணக்கு. பக்கத்துலயே இருக்கும், வாய்க்குப் போகாது. அதுக்கு யூரியா போட்டா செடி இன்னும் வேகமாச் சாகும். எரு வேணும், மக்கின எரு. இல்லாட்டி சுண்ணாம்பைத் தாங்குற சாதியாப் பார்த்துத் தொடங்கணும்.

எந்த மரம் நடலாம்னு கேக்குற. பார்த்தியா, திரும்பவும் மரத்துலயே வந்து நிக்குற. கல்யாணமே ஆகல, பேரனுக்குப் பேர் தேடுற. முதல்ல புல்லு.

சிரிக்காத. புல்லுன்னா உனக்குக் கேவலமா இருக்கு. நட்டதுன்னு எண்ண முடியாது, போர்டுல எழுத முடியாது, யாரும் வந்து திறந்து வைக்க மாட்டாங்க. ஆனா நம்ம நாட்டுலயே பெரிய கோர்ட்டு, டெல்லி உச்ச நீதிமன்றம், 2020 ஜனவரியில சொல்லியிருக்கு. சுரங்கம் தோண்டி முடிச்சவன் அந்த இடத்துல திரும்பப் புல்லு வளர்த்துக் குடுக்கணும், ஆடுமாடு மேயுற மாதிரி, செடிகொடி உசுருபிழைக்கிற மாதிரி ஆக்கணும்னு குத்தகையிலயே நிபந்தனை போடுங்கன்னு அரசாங்கத்துக்கு உத்தரவு. என் பேத்தி படிச்சுக் காட்டுனப்ப நான் நம்பல. எழுபது வருஷமா நான் சொல்றது. என்னைக் கோர்ட்டுல கூப்பிட்டு விசாரிச்சிருந்தா இன்னும் சீக்கிரமாத் தீர்ப்பு வந்திருக்கும்.

புல்லு எதுக்குன்னா, அது வேரால மண்ணைப் பிடிக்கும். உன் மேட்டுல சரிவு எப்படி இருக்கு? கூரை மாதிரி. ஒரு மழைக்கு வாய்க்கால் வாய்க்காலா அரிச்சிருக்கு, பூனை பிராண்டின மாதிரி. அதை முதல்ல படி படியா வெட்டு. மேலேருந்து வர்ற தண்ணி நின்னு நிதானிச்சு இறங்கட்டும். லாரி ஏறி ஏறி மேல்தளம் சிமெண்டுத் தரை மாதிரி ஆயிடுச்சு, கடப்பாரை எகிறுது. ஆழமாக் கீறிவிடு. சரிவுல தேங்காய் நார் வலையை விரிச்சு வெட்டிவேரை வரிசை கட்டு. மேல கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் கலந்து தூவு. கூடவே கொழுஞ்சி.

கொழுஞ்சியைத் தெரியுமா? தெரியாது. இரு. அதோ வேலி ஓரமா ஊதாப் பூ பூத்து நிக்குதே, அதைப் பிடுங்கிட்டு வா. இழுக்காத, அறுந்துடும், மண்ணைத் தோண்டி எடு. ம். வேர்ல கடுகு மாதிரி முண்டு முண்டா ஒட்டியிருக்கு பாரு. ஒன்னை நகத்தால கீறு. உள்ள என்ன நிறம்? இளஞ்சிவப்பு. பச்சைப் புள்ளை ஈறு மாதிரி இருக்கில்ல? அது உசிரோட வேலை செய்யுதுன்னு அர்த்தம். காத்துல இருக்கிற தழைச்சத்தை இழுத்து வேருக்குக் குடுக்கிற பேக்டரி அது. கரண்டு பில்லு கிடையாது, யூனியன் கிடையாது. இதுல இன்னொரு சௌகரியம், ஆடு சாமானியமா வாய் வைக்காது. நீ சம்பளம் குடுத்து வச்சிருக்கியே ஒரு காவக்காரன், மத்தியானம் புளியமரத்தடியில தூங்குறவன், அவனை அனுப்பிடலாம்.

பேத்தி போன்ல இன்னொன்னு காட்டுனா. ஆப்பிரிக்காவுல கென்யா, அதுல மொம்பாசான்னு கடலோர ஊரு. நம்மள மாதிரியே சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டித் தோண்டிப் பாலைவனமாக்கி வச்சிருந்தாங்க. 1971-ல ரெனே ஹாலர்னு ஒருத்தரு அதைப் பச்சையாக்க இறங்கினாரு. உன்னை மாதிரி ஒரே சாதி மரத்தை ஐயாயிரம் நடல. 26 வகையைக் கொஞ்சம் கொஞ்சமா நட்டுப் பார்த்தாரு. மூணுதான் நின்னுச்சு, அதுல ஒன்னு சவுக்கு. ஆமா, நம்ம கடலூர்ப் பக்கம் பந்தக்காலுக்கு வெட்டுறோமே, அதே சவுக்கு. அதுக்கும் வேர்ல முண்டு உண்டு. சவுக்கு வளர்ந்துச்சு, ஆனா உதிர்ந்த ஊசி மக்கவே இல்ல. துவர்ப்பு. மெத்தை மாதிரி அப்படியே கிடந்துச்சு. இந்த மனுஷன் என்ன பண்ணாரு தெரியுமா? ஒரு ரயில்பூச்சி அந்த ஊசியைத் தின்னுக்கிட்டு இருக்கிறதைப் பார்த்தாரு. உடனே ரயில்பூச்சியாப் பிடிச்சுக் கொண்டாந்து விட்டாரு. சிவப்புக் காலு ரயில்பூச்சி. அது தின்னுச்சு, போட்டுச்சு, போட்டதெல்லாம் மண்ணாச்சு. அப்புறம் மத்த மரம் வந்துச்சு, பறவை வந்துச்சு. இப்ப அங்க நீர்யானை குளிக்குது, ஒட்டகச்சிவிங்கி நிக்குது, ஜனங்க டிக்கெட் வாங்கிக்கிட்டுப் போய்ப் பார்க்கிறாங்க.

இதுல எனக்கு எது பிடிச்சிருந்துச்சு தெரியுமா? ரயில்பூச்சி இல்ல. ஒரு பெரிய மனுஷன் வேகாத வெயில்ல குனிஞ்சு உக்காந்து, ஒரு பூச்சி என்ன திங்குதுன்னு பார்த்துக்கிட்டு இருந்திருக்கான் பாரு, அது. நீ அந்த மேட்டுல என்னைக்காவது உக்காந்திருக்கியா? பைக்கை ஆஃப் பண்ணாமயே ஒரு ரவுண்டு அடிப்ப. பூச்சி எப்படிப்பா கண்ணுல படும்?

அதுக்காக நாளைக்கே போய் ரயில்பூச்சிக்கு டெண்டர் விட்டுடாத. உன்னை எனக்குத் தெரியும்.

வடக்க மசூரி மலையிலயும் இப்படித்தான் சுண்ணாம்புக்கல்லுக்கு மலையைச் சுரண்டினாங்க. 1982-ல ரிட்டையரான சிப்பாய்களைச் சேர்த்து, மரம் வளர்க்கிறதுக்குன்னே ஒரு பட்டாளம் கட்டினாங்க, அந்த மலைக்கும் அதை அனுப்பிச்சாங்க. 1985-ல கோர்ட்டு பல குவாரிகளை மூடச் சொல்லுச்சு. ஒரு மலையைத் திரும்பப் பச்சையாக்கப் பட்டாளமும் கோர்ட்டும் சேர்ந்து நிக்க வேண்டியிருந்திருக்கு. உன்கிட்ட என்ன இருக்கு? ஒரு டேங்கர் லாரி, அதுக்கும் டீசலுக்குக் கையெழுத்து வரணும்.

விதைப்பந்தா? ஆமா, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களைக் கூட்டியாந்து எறிஞ்சீங்களே. நல்லா எறிஞ்சுதுங்க, பாவம், ஒரு பையன் என் ஆட்டு மேலயே எறிஞ்சான். இறுகின கல்லுத் தரையில பந்து விழுந்து, வெயில்ல வெடிச்சு, எறும்பு விதையை இழுத்துக்கிட்டுப் போச்சு. எறும்புக்கு அன்னதானம் பண்ணின புண்ணியம் உன் கம்பெனிக்கு. கீறிவிட்ட மண்ணுல, முதல் மழை ஈரத்துல போட்டிருந்தா நாலு முளைச்சிருக்கும்.

அதை விடச் சுளுவான வழி ஒன்னு சொல்றேன். காஞ்ச மரக்கிளை பத்து இருபதை அங்கங்க நட்டு வை. கடலைக் கொல்லையில பறவைத்தாங்கி வைப்போமே, அப்படி. மைனா வந்து உக்காரும். உக்காந்தா சும்மா போகாது. வேப்பம்பழம் தின்னுட்டு வந்திருக்கும், இலந்தை தின்னுட்டு வந்திருக்கும், ஆலம்பழம் தின்னுட்டு வந்திருக்கும். அது போடுற விதைக்குக் கவரும் கிடையாது, குழியும் கிடையாது. புல்லு வந்து நிழலும் ஈரமும் கொஞ்சம் கட்டியிருந்தா அது பொழைச்சுக்கும். அப்புறம் பத்து வருஷம் கழிச்சு நீ வந்து பார்த்து, நான்தான் நட்டேன்னு சொல்லிக்க. வேப்பமரம் மறுக்கவா போகுது?

தைலமரம் மட்டும் வச்சுடாத. சீக்கிரம் வளரும், வானத்துலேருந்து படம் எடுத்தாப் பச்சையாத் தெரியும், எல்லாம் சரி. அடியில ஒரு புல்லு முளைக்காது, ஒரு குருவி கூடு கட்டாது. ரெண்டு ஆடு ஒதுங்க நிழலு கிடையாது. சீமைக்கருவேலத்தை நீ வைக்கவே வேணாம், அதுக்கு அழைப்பிதழ் தேவையில்ல.

பார்த்தியா, பேச்சு வாக்குல மெயினான விஷயத்தை விட்டுட்டேன். மக்கின எரு வேணும்னேன்ல. அத்தனை ஏக்கருக்கு எருவை எங்க போய் வாங்குவ, எப்படி மேட்டுல ஏத்துவ? லாரி வாடகையிலயே உன் பட்ஜெட் முடிஞ்சுடும். தானா நடந்து மேட்டுல ஏறுற எரு ஒன்னு இருக்கு. ஆட்டுக்கிடை. ராத்திரி பட்டி போட்டு அடைச்சா விடியக்காலையில புழுக்கையும் மூத்திரமும் சமமா பரவியிருக்கும். குளம்பால கொத்தியும் விட்டிருக்கும். வெள்வேலங்காய், கருவேலங்காய் தின்ன ஆடுன்னா புழுக்கையில விதையும் ஊறிப் பதமா விழும். தை, மாசியில அறுப்பு முடிஞ்சதும் ராமநாதபுரம் பக்கத்துலேருந்து கீதாரிங்க ஆட்டை ஓட்டிக்கிட்டு வருவாங்க, அப்ப அவங்களைப் பிடிக்கலாம். ஆனா உனக்கு இப்பவே ஆகணும், ஐப்பசி மழைக்கு முந்தி. கீறிவிட்டு, கிடை போட்டு, மழை விழுந்த கையோட கொழுஞ்சியும் புல்லும் தூவிடணும்.

உள்ளூர்ல யாருகிட்ட இருக்குன்னா… என் தங்கச்சி மவன்கிட்ட இருநூறு உருப்படி இருக்கு. பையன் தங்கமானவன், அதிகம் பேச மாட்டான். ரேட்டு விஷயம் மட்டும் என்கிட்ட பேசிக்க. ஒரு ராத்திரிக்கு வழக்கமா நெல்லா வாங்குவோம், கம்பெனிங்கறதால பணமா வாங்கிக்கிறோம், பரவாயில்ல. மேடு உயரம், அதனால ஏத்துக்கூலி தனி. நரி பயம் இருக்கு, நாய்க்கு ஒரு படி சோறு. சீமைக்கருவேலங்காய் தின்னாத ஆடாப் பொறுக்கி அடைக்கணும்னா அதுக்குக் கொஞ்சம் கூட.

ஏன் முழிக்கிற? அதெல்லாம் முறைப்படி பில்லு உண்டு. இயற்கை உரம் வழங்கல்னு போட்டுக்க, ஆடுன்னு எழுதினா ஆடிட்ல கேள்வி வரும். புழுக்கையை நீ எண்ணிப் பார்த்துக்கலாம், கன்னு மாதிரி ஏமாத்த மாட்டோம்.

அந்தப் புங்கங்குச்சியை இங்கயே வச்சுட்டுப் போ. கெழவி அடுப்பு பத்த வைக்கச் சிராய் தேடிக்கிட்டு இருக்கா. கவரை மட்டும் எடுத்துட்டுப் போய் உன் ஆளுகிட்ட குடுத்து, எப்படிக் கிழிக்கிறதுன்னு காட்டு.